நாடகத்தில் பிறந்த சபைக்கு அடக்கச் சான்று கோரி

அனுப்புநர்:
தையற்காரர், கேட்போர் சபை உறுப்பினர், சந்தைத் தெரு மாடி.

பெறுநர்:
சமய அமைப்புகளின் பதிவு அதிகாரி அவர்கள்.

பொருள்: சபை தோன்றிய கதையை மாற்றி எழுதாமலே, என் மனைவியின் அடக்கத்துக்குச் சான்று வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மனைவி செவ்வாய்க்கிழமை காலமானார். உடல் மருத்துவமனைக் குளிர் அறையில் இருக்கிறது. நாளைக் காலைக்கு மேல் அங்கே வைக்க முடியாது என்கிறார்கள். தங்கள் சான்று இல்லாமல் எங்கள் சபை முறைப்படி அடக்கம் செய்ய இடுகாட்டில் இடம் தர மறுக்கிறார்கள். அவருக்கு உடுத்தும் துணியை நானே தைத்துவிட்டேன். உடுத்தத்தான் வழியில்லை.

2. சபை தோன்றிய விதத்தைப் படித்ததும் தங்கள் எழுத்தர் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நாங்கள் எழுதியது நடந்ததுதான். ஒரு நடிகர் வானொலி நாடகத்தில் துறவியாக நடித்தார். நாடகம் நின்றதும் கேட்டவர்கள் அவர் வீட்டைத் தேடிப் போனார்கள். தாம் வெறும் நடிகர், வசனம்கூட வேறொருவர் எழுதியது என்று அவர் தலைபாடாக அடித்துக்கொண்டார். அது தெரியும், அந்த வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு இருக்கிறோம் என்று அவர்கள் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். அப்படித்தான் சபை வந்தது. வழிபாடோ திருமணமோ அடக்கமோ, முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவோம்.

3. எழுத்தர் கெட்டவர் அல்லர். நாற்காலி போட்டு உட்கார வைத்து, "கனவுல கடவுள் வந்து சொன்னார்னு ஒரு வரி எழுதுங்க. இப்பவே கையெழுத்து வாங்கித் தர்றேன். யாரு வந்து பார்க்கப் போறாங்க?" என்றார். ஐயா, நான் பேனாவை வாங்கினேன். அவள் குளிரில் கிடக்கிறாள், எழுதித் தொலைத்தால் என்ன என்றுதான் தோன்றியது.

4. ஆனால் வாரந்தோறும் சபை வாசலில் நின்று, "இது நாடகத்துல பொறந்தது. தெரிஞ்சுக்கிட்டு உள்ள வாங்க. பிடிக்கலைன்னா டீ குடிச்சுட்டுப் போங்க" என்று புதியவர்களிடம் சொன்னவள் அவள்தான். பாதிப் பேர் டீயோடு போய்விடுவார்கள். அவள் அலட்டிக்கொண்டதே இல்லை. குழியருகே அதே வார்த்தைகளை அவளுக்காக நான் சொல்ல வேண்டும். இங்கே கனவு என்று எழுதிக் கொடுத்துவிட்டு அங்கே எப்படிச் சொல்வேன்? எனக்கு வாய் வராது.

5. ஆகவே தங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். எங்களை நம்ப வேண்டாம், ஐயா. எழுதியதை எழுதியபடி ஏற்று, இன்றே கையெழுத்திடுங்கள். சந்தேகம் இருந்தால் அந்த நடிகரையே விசாரிக்கலாம். தள்ளாத வயதில் என்னோடு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். தாம் கடவுளைக் கண்டதே இல்லை என்று எழுதிக் கொடுக்கத் தயாராக இருக்கிறார்.

இடம்: தங்கள் அலுவலக வராந்தா
நாள்: வெள்ளிக்கிழமை, அலுவலகம் மூடுவதற்குள்

கதியற்று நிற்கும்,
(கையொப்பம்)
தையற்காரர், இறந்தவரின் கணவர்