நெஞ்சுத் தகடு

நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆன பிறகு ஒன்றை ஒத்துக்கொள்கிறேன் மச்சான். நீ போட்ட வரைபடங்களில் ஒன்றைக்கூட எனக்குப் படிக்கத் தெரியாது. நீ வரைவாய், நான் தலையை ஆட்டிவிட்டு, உன் விரல் காட்டிய இடத்தில் வெல்டிங் அடிப்பேன். இன்று காலை செங்கல்பட்டுப் பட்டறையில் அலமாரியை ஒழித்தபோது ஒரு தாள் கிடைத்தது. கிரீஸ் வாசனை. ஓரத்தில் உன் டீ கிளாஸ் வைத்த வட்டம். வரைபடத்தின் மேலேயே நீ கிளாஸை வைத்தது அந்த ஒரு தடவைதான்; வட்டத்தை வைத்துத்தான் படாளம் கோழிக்கறி ஆலை என்று கண்டுபிடித்தேன்.

நாம் சேர்ந்து செய்த முதல் கன்வேயர் அது. கோழிகளைக் காலில் மாட்டித் தலைகீழாகக் கொண்டுபோகும் கொக்கி வரிசை. சோதனை ஓட்டத்தில் அத்தனையும் சிறகடித்தன. இறக்கை முறிந்து, கறியில் ரத்தம் கட்டியது. முதலாளி இரண்டு நாள் கெடு கொடுத்தார். "சரியாவலன்னா மொத்தத்தையும் கழட்டி எடுத்துகினு போங்க. வேற ஆளப் பாத்துக்கிறேன்."

நான் மோட்டாரைத் திட்டினேன். நீ ஒரு கோழியின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து, அது நகர நகரக் கூடவே நடந்தாய். கை இருந்தவரை அது அசையவில்லை. எடுத்ததும் படபடவென்று அடித்தது. மறுபடி வைத்தாய், அடங்கியது. பகல் முழுக்க இதே நடை.

"இன்னாடா, புதுப்பட்டினத்துல மீன் புடிக்கிற வூட்ல பொறந்துட்டு கோழிக்குத் தாலாட்டு பாடிகினு கீற?" என்றேன்.

"நீ தலைகீழா தொங்கிப் பாரு, தெரியும். நெஞ்சுல எதுனா பட்டா, தரையில கீறோம்னு நெனச்சுக்குதுடா."

அன்றைக்கே, வரிசை நெடுகக் கோழியின் நெஞ்சு உரசிக்கொண்டே போகும்படி வழவழப்பான தகடு ஒன்றை வரைந்தாய். மறுநாள் மாலைக்குள் விளிம்பை மழுக்கி மாட்டிவிட்டேன்.

சுவிட்சைப் போட்டார்கள். சங்கிலி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அத்தனை கோழிகள் தொங்கிய கூடத்தில் ஒரு சிறகுச் சத்தம் இல்லை. சாகப்போகும் ஒன்றின் பயத்துக்குக்கூட அளவெடுத்துத் தகடு வளைக்கலாம் என்று எவனுக்குத் தோன்றும்? முதலாளி குரலைத் தாழ்த்தி, "ஓடட்டும்" என்றார். நீயோ மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வாடா, டீ அடிக்கலாம்" என்றாய்.

இப்போது எந்த ஆலைக்குப் போனாலும் நான் முதலில் மோட்டாரைப் பார்ப்பதில்லை. கோழியின் நெஞ்சில் கை வைக்கிறேன். போன வாரம் செய்யூரில் ஒரு புது ஆலை. தகடெல்லாம் வீண் வேலை என்றார் முதலாளி. ஒரு கோழியைத் தலைகீழாகப் பிடித்து, அவர் கையை எடுத்து அதன் நெஞ்சில் வைத்தேன். கோழி அடங்கியது. அவரும் அடங்கினார். பிறகு கோழி அவருடைய வெள்ளைச் சட்டையின் கையில் எச்சமிட்டது. அவர் கையை எடுக்கவில்லை. தகடு என்ன அகலம் என்று கேட்டார்.

ஒரு சாண் என்றேன்.