பதினாறாவது பெயர்

2019 ஆகஸ்ட் 23, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் வெசெலாவுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை நேவெனா எழுதுகிறாள். என் வலது மணிக்கட்டை ஜூன் மாதம் அறுத்துத் தைத்தார்கள், கட்டைவிரல் இன்னும் பேனா பிடிக்க மறுக்கிறது. மற்றபடி நாங்கள் இரண்டு பேரும் படுக்கையில் விழாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை டீமோவும் பேரன் யாவோரும் அங்கே ஜெர்மனியில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் தினமும் காலையில் எழுந்திருக்கிறேன். நாளைக்கு இங்கிருந்து உங்கள் ஊருக்குக் கிளம்பும் சனிக்கிழமை வேனில் பன்னிரண்டு பாட்டில் மிளகாய்த் தொக்கு அனுப்புகிறேன், இந்தக் கடிதமும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கும். மிளகாயைச் சுட்டது நான், தோலை உரித்தது நேவெனா, ஒரு கையால் உரிக்க எனக்கு வரவில்லை. உன் அப்பாவின் ஆறாம் வருஷ நினைவுத் தாளை வாசற்கதவில் ஒட்டியாயிற்று. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் முக்கியமான இடத்துக்கு வரும்போதெல்லாம் உனக்கு வேலை நேரம் வந்துவிடுகிறது. கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதற்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. உன் ஓட்டலில் அறை கூட்டித் துடைக்க ஆள் வேண்டுமாம், நேவெனாவுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறாயாம், செப்டம்பரில் டிக்கெட் போட்டுவிடவா என்று கேட்டாய். இங்கே படிப்பு, சான்றிதழ் எதுவும் கேட்கமாட்டார்கள் அம்மா, கை இருந்தால் போதும் என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு வருஷம் மழலையர் பள்ளி ஆசிரியைக்குப் படித்தவள் நீ. உன் பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டிய ஆணி இன்னும் கூடத்துச் சுவரில் இருக்கிறது. இருபத்தாறு அறைக்குப் படுக்கை விரிப்பு மாற்றிவிட்டு வந்து, உன் பிள்ளைக்கு ஒரு கதை படித்துக்காட்டக் கண் திறக்கவில்லை என்கிறாய். ஒரு மகளை அப்படி அனுப்பினது போதும். நீ கோபப்படுவாய், படு. இந்த வரியை எழுதமாட்டேன் என்று நேவெனா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள், நான்தான் அதட்டி எழுத வைத்தேன்.

ஆனால் உன்னைக் குறை சொல்வதற்கு முன்னால் என்னைச் சொல்லவேண்டும். உன் தங்கை பள்ளிக்கூடத்தை விட்டதற்குக் காரணம் கேட்டபோதெல்லாம் அவளுக்குப் படிப்பில் மனம் இல்லை என்று உன்னிடம் சொல்லிவந்தேன். அது பொய். போன வருஷம் பிப்ரவரியில், அவள் பதினொன்றாவது வகுப்பில் பாதியில் இருந்தபோது, வேலைவாய்ப்பு அலுவலகத்து லசாரோவா அம்மாள் என்னைக் கூப்பிட்டுவிட்டாள். ஐரோப்பாவிலிருந்து நிதி வந்திருக்கிறது, வேலை இல்லாத இளம் பெண்களுக்கு மூன்று மாதம் தையல் பயிற்சி, அதற்கப்புறம் பட்டறையில் நிச்சயமாக வேலை என்றாள். பதினைந்து பெண்கள் சேர்ந்தால்தான் பணம் வருமாம், அவளுக்குப் பன்னிரண்டு பேர்தான் கிடைத்திருந்தார்கள். என் சின்னவள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாளே என்றேன். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாகச் சொன்னாள்: "படிக்கிற பொண்ண நாங்க எடுக்கக் கூடாதுங்க. படிக்காத பொண்ணுன்னா எடுக்கலாம். ஒரு கையெழுத்துதான வித்தியாசம்."

நேவெனாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்த அந்த ஒரு கையெழுத்தை நான் போட்டேன். துணி ஆலை மூடி இரண்டு வருஷம் ஆகியிருந்தது, எனக்கு வேறு வேலை கிடைக்கவில்லை, நிச்சயமான வேலை என்ற சொல் என் காதில் அப்படி விழுந்தது. படிக்காத பெண்களைப் பள்ளிக்கூடத்துக்குத் திருப்பி அனுப்ப எங்கேயோ யாரோ நல்ல மனசோடு போட்ட திட்டமாக இருக்கலாம். எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தபோது அது படிக்கிற பெண்ணை வெளியே இழுத்துவந்து சேர்த்துக்கொண்டது. நேவெனாவிடம் என்னம்மா சொல்கிறாய் என்று கேட்டேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உனக்குத் தெரியுமே, அவள் கடையில் மீதிச் சில்லறையைக்கூட வாய் திறந்து கேட்கமாட்டாள். பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று வைத்துக்கொண்டேன். எனக்கு அப்படி வைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

பயிற்சி நடந்ததை நீ பார்த்திருக்கவேண்டும். கலைமன்றத்து மாடியில் நீலக்கொடியும் நட்சத்திரமும் போட்ட பலகை மாட்டினார்கள். ஆளுக்கு ஒரு கோப்பு, ஒரு பேனா, பதினொரு மணிக்குக் காபியும் பிஸ்கட்டும். காபி குடித்ததற்குக்கூடக் கையெழுத்து வாங்கினார்கள். வேலைக்கு விண்ணப்பம் எழுதுவது எப்படி, நேர்காணலில் எப்படி உட்காருவது என்று ஒரு மாதம் போயிற்று. பதினைந்து பெண்களுக்கு இரண்டு தையல் மிஷின், அதில் ஒன்றுக்கு மிதிகட்டை கிடையாது. பக்கத்து அறையில் ஐம்பது வயது ஆன பெண்களுக்கும் ஒரு வகுப்பு வைத்தார்கள், அதற்கும் தலை குறைந்ததால் என்னையும் எதிர்வீட்டு கென்காவையும் சேர்த்துக்கொண்டார்கள். முப்பத்தொரு வருஷம் ஆலையில் சட்டைக் கழுத்துப்பட்டி தைத்தவளுக்கு ஊசியில் நூல் கோப்பது எப்படி என்று இருபத்துமூன்று வயதுப் பெண் ஒருத்தி பாடம் எடுத்தாள். பாவம், மூன்றாம் நாளே அவளுக்கு நூல் அறுந்துபோய் மிஷின் நின்றுவிட்டது, நான்தான் எழுந்துபோய்ச் சரிசெய்து கொடுத்தேன். கென்கா பின்பெஞ்சிலிருந்து, "அடியே ருமியானா, அவசரப்படாதடி. உனக்கு இன்னும் சான்றிதழ் வரல, மிஷின் கோவிச்சுக்கும்" என்றாள். வகுப்பே சிரித்தது, டீச்சரும் சிரித்தாள். கடைசியில் எனக்கும் ஒரு சான்றிதழ் தந்தார்கள், தையல் தெரியும் என்று. தைத்துத் தைத்தே இந்த மணிக்கட்டு போயிற்று என்று டாக்டர் சொன்னபோது அந்தச் சான்றிதழ்தான் ஞாபகம் வந்தது.

நேவெனாவைப் பட்டறையில் சேர்த்துக்கொண்டார்கள், அந்தமட்டில் லசாரோவா பொய் சொல்லவில்லை. முடிவு விழாவில் ஒரு பெரிய மனிதர் தலைநகரிலிருந்து வந்து பதினைந்து பெண்களுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று பேசினார், போட்டோ எடுத்தார்கள். நேவெனா ஓரத்தில் நிற்கிறாள், பாதி முகம் அடுத்தவள் தோளுக்குப் பின்னால். ஆறு மாதச் சம்பளத்தைத் திட்டம்தான் கொடுத்தது, முதலாளிக்குக் கைப்பணம் செலவில்லை. ஏழாவது மாதம் முதல் நாள் காலையில் வழக்கம்போல மேலங்கியைத் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு போனாள். எட்டரைக்குத் திரும்பி வந்துவிட்டாள். அவள் உட்கார்ந்த நாற்காலியில் புதிய பதினைந்து பேரில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாளாம், அடுத்த திட்டத்துப் பெண். உன் இடம் அது இல்லை என்று சொல்ல இவளுக்கு வாய் வரவில்லை, நூல்கண்டு எங்கே இருக்கிறது என்று அந்தப் பெண்ணுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். இதை எழுதும்போது தலையைக் குனிந்துகொள்கிறாள். குனியட்டும். குனியவேண்டியவர்கள் குனிவதில்லை.

லசாரோவாவிடம் போய்க் கேட்டேன். அவள் கெட்டவள் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. எழுந்து நாற்காலி போட்டாள். தலை எண்ணுவது வேலையில் சேர்கிற அன்றைக்குத்தான், அதற்குப் பிறகு எண்ணச் சொல்லி யாரும் அவளைக் கேட்பதில்லையாம். எண்ணிக்கை வராவிட்டால் அவளுடைய வேலையும் போய்விடுமாம். கென்கா மூன்று பயிற்சிக்குப் போனாள், பட்டியலில் மூன்று பெண்களாக இருக்கிறாள். மூன்று கென்காவுக்கும் சேர்த்து ஒரு வேலைகூட இல்லை.

இந்த ஜூலையில் கையில் கட்டோடு நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பகல் வகுப்பில் இனிமேல் நேவெனாவைச் சேர்க்க முடியாது, வயது கடந்துவிட்டது என்றார் தலைமை ஆசிரியர். மாலை வகுப்பு இருக்கிறது, பதினொன்றாவது. ஆனால் செப்டம்பர் 13-ஆம் தேதிக்குள் பதினாறு பேர் சேர்ந்தால்தான் திறப்பார்கள், இல்லையென்றால் இந்த வருஷம் இல்லை. அடுத்த வருஷம் ஊரில் ஆட்கள் இன்னும் குறைவாக இருப்பார்கள், அதற்கடுத்த வருஷம் பள்ளிக்கூடமே இருக்குமா என்று அவருக்கே தெரியவில்லை. போன வாரம் போய்க் கேட்டேன், பதினாலு பேர் வந்திருந்தார்கள். மெக்கானிக் ஒருவர், ரொட்டிக்கடைப் பெண் ஒருத்தி, மீதி எல்லாம் இவள் வயதுப் பிள்ளைகள். நேவெனா சேர்ந்தால் பதினைந்து. ஒரு பெயர் குறைகிறது.

லசாரோவா இதற்குள் மோப்பம் பிடித்துவிட்டாள். திங்கட்கிழமை வீட்டுக்கே வந்தாள். அக்டோபரில் முதியோர் பராமரிப்புப் பயிற்சி தொடங்குகிறதாம், எனக்கும் நேவெனாவுக்கும் இரண்டு இடம் வைத்திருக்கிறாளாம், நேவெனா பள்ளிக்கூடத்தில் சேர்ந்தால் அவள் பெயரைப் பட்டியலிலிருந்து அடிக்கவேண்டிவருமாம், வேலை இல்லாதவள் என்று அட்டைகூட இருக்காதாம். "யோசிச்சுப் பாருங்க, அந்த அட்டையும் போயிட்டா அவ யாரு?" என்றாள். நான் அவளுக்குக் காபி ஊற்றிக் கொடுத்தேன். இதற்கும் கையெழுத்துப் போடணுமா என்று மட்டும் கேட்டேன். அவள் முகம் சிவந்துவிட்டது, பாதிக் காபியை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அவள் போன பிறகுதான் எனக்கு அது தோன்றியது. எண்ணிக்கைக்கு ஆள் குறைந்தால் என்ன செய்வது என்று அவர்கள்தானே எனக்கு ஒன்றரை வருஷமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பதினாறாவது பெயர் நானாக இருந்தால் என்ன? நான் பத்தாவது முடித்தவள். முடித்த வருஷம் ஆலையிலிருந்து இரண்டு பேர் பள்ளிக்கூடத்துக்கு வந்து, எங்களை வரிசையாக நிற்கவைத்து விரல்களைப் பார்த்தார்கள். என் விரல் மெல்லியது, வேகமாக ஓடும் என்று பேர் எழுதிக்கொண்டார்கள். அன்றைக்கும் நான் பேசாமல்தான் நின்றேன், அன்றைக்கும் அதைச் சம்மதம் என்றுதான் எழுதிக்கொண்டார்கள். இது எனக்கு இந்த வாரம்தான் உறைத்தது. கென்காவிடம் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐம்பத்தோரு வயசுல பைய மாட்டிக்கிட்டுப் போறியா? பரீட்சையில பொண்ணப் பார்த்துக் காப்பியடிச்சா ரெண்டு பேரையும் வெளிய தள்ளிடுவாங்க" என்றாள். அவளையும் கூப்பிட்டேன், அவள் முழுப் படிப்பையும் அந்தக் காலத்திலேயே முடித்துத் தொலைத்துவிட்டாள், அவள் பெயர் செல்லாது. சிரித்து முடித்துவிட்டு, நீ வகுப்புக்குப் போகும் நாளில் உன் கோழிகளை நான் அடைக்கிறேன் என்றாள்.

எனக்குப் படிப்பு வருமா வராதா தெரியாது. பேனா பிடிக்கவே வரவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன், பெயர் கூப்பிடும்போது இருக்கிறேன் என்று சொல்வேன். வகுப்பு நடந்தால் போதும். முன்னால் அவள் உட்கார்ந்து படிக்கட்டும்.

இதில் உன்னிடம் கேட்பது ஒன்று. என் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இங்கே இல்லை. யாவோருக்கு அங்கே அரசாங்கம் கொடுக்கும் குழந்தைத் தொகை வாங்க வீட்டுக் காகிதங்களை எல்லாம் சிவப்புக் கோப்போடு நீ எடுத்துக்கொண்டு போனாயே, அதில் உன் அப்பாவின் ராணுவ அட்டைக்குப் பின்னால் இருக்கிறது, ஓரம் மஞ்சளாகியிருக்கும். பிரதி செல்லாது, அசல்தான் வேண்டும் என்கிறார்கள். செப்டம்பர் 7-ஆம் தேதி சனிக்கிழமை வேனில் கொடுத்துவிட்டால் திங்கட்கிழமை எனக்குக் கிடைத்துவிடும். அதற்கடுத்த வேனில் வந்தால் பிரயோஜனம் இல்லை. ஓட்டுநரிடம் தொக்குப் பாட்டிலுக்குச் சொல்வதுபோல ரெண்டு தடவை சொல்லு, பையில் போட்டு மடிக்காமல் கொடு. நேவெனா என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. ஜெர்மனிக்கா பள்ளிக்கூடத்துக்கா என்று மூன்று தடவை கேட்டுவிட்டேன், பாத்திரம் கழுவிக்கொண்டே இருக்கிறாள். இந்தத் தடவை அவள் பேசாமல் இருப்பதற்கு நான் அர்த்தம் சொல்லப்போவதில்லை. அதனால் கீழே நாலு வரி இடம் விட்டிருக்கிறேன், அவள் எழுதுவதை நான் வாசிக்கச் சொல்லிக் கேட்கமாட்டேன். அவள் வருகிறேன் என்று எழுதினால் டிக்கெட் போடு, நான் தடுக்கமாட்டேன்.

உன் முதுகுவலிக்கு வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு படு. கட்டிலை ஒருத்தியாகத் தூக்காதே, கூட இருப்பவளைக் கூப்பிடு. யாவோரிடம் நம் மொழியில் பேசு, போனில் அவன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான், ஆனால் நான் சொல்வது அவனுக்குப் புரியவில்லை. உன் பட்டத்தை அங்கே ஏற்றுக்கொள்ள என்ன பரீட்சை எழுதவேண்டுமோ அதை விசாரி, சுவரில் ஆணி அப்படியே இருக்கிறது. உன் வீட்டில் ரொட்டியும் சிரிப்பும் குறையாமல் இருக்கட்டும், கடவுள் உங்கள் மூன்று பேர் மேலும் கை வைத்திருக்கட்டும். சிவப்புக் கோப்பு, அப்பாவின் அட்டைக்குப் பின்னால். மறக்காதே.

உன்னைப் பெற்ற அம்மா,
ருமியானா
(இடது கையால் நானே போட்டது)

அக்கா, நேவெனா எழுதுகிறேன். புதன்கிழமை ரொட்டி வாங்கப் போனபோது நான் தனியாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். படிப்பை எதற்கு விட்டாய் என்று தலைமை ஆசிரியர் கேட்டார், நான் மேஜைமேல் இருந்த பட்டியலைப் பார்த்தேன், அதை என் பக்கம் திருப்பி வைத்தார். பதினைந்தாவது வரியில் என் பெயரை நானே எழுதிவிட்டேன், அம்மாவுக்கு இன்னும் தெரியாது. டிக்கெட் போடாதே. அம்மாவின் சான்றிதழை அனுப்பு.