கை எட்டும் உயரம்

ஜனவரி 11

இன்றைக்கும் பால் பாட்டில் தோல்வி. குட்டி ரப்பரை நாக்கால் தள்ளிவிட்டு, "இதெல்லாம் ஒரு பிழைப்பா" என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். அப்புறம் மூன்று வீட்டுக்குக் கேட்கிற மாதிரி ஒரு அழுகை. பிறகு இவர் முயன்று பார்த்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊரார் பிள்ளைக்கெல்லாம் மருந்து புகட்டுகிற கை, தன் பிள்ளையிடம் தோற்றுப்போனது.

நான் வேலைக்குத் திரும்ப இரண்டு மாதம்தான் இருக்கிறது. அதற்குள் பழகிவிடுவாளா? பழகாவிட்டால்?

"தொட்டியில இருந்து தொட்டிலுக்கு வந்திருக்க. பதவி உயர்வுன்னு நெனச்சுக்கோ. எதுக்கு இந்த மூஞ்சி?" என்கிறார் இவர்.

ஆபீசில் எனக்குப் பெயரே தொட்டிதான். சின்ன பிக்கப் வண்டிக்குப் பின்னால் சரக்கு ஏற்றுகிற தொட்டியை வரைவது நான். கதவு வரைகிறவள் கதவு. விளக்கு வரைகிறவன் விளக்கு. சொந்தப் பெயரால் கூப்பிட்டால் அங்கே யாரும் திரும்ப மாட்டார்கள். இந்த வீட்டில் என்னைத் 'தொட்டி' என்று கூப்பிட ஆளில்லை. அந்தச் சத்தத்துக்கு ஏங்குகிறேன் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

ஜனவரி 14

நாத்தனார் வந்திருந்தார். செடிப்பண்ணை வைத்திருக்கிறார். அவரிடம் இருப்பது எங்கள் கம்பெனி பிக்கப்பின் இரண்டாவது தலைமுறை. வாசலில் நிறுத்தும்போதே தெருவுக்குத் தெரியும், அப்படி ஒரு இருமல் அந்த எஞ்சினுக்கு.

"அண்ணி, இத எப்ப மாத்தப் போறீங்க?" என்று கேட்டேன்.

"எதுக்கு மாத்தணும்? உன் மூணாவது வண்டியப் போய்ப் பார்த்தேன்டி. மண்மூட்டை ஏத்த ஏணி வேணும், இறக்க பயில்வான் வேணும். பக்கத்துல நின்னு தொட்டிக்குள்ள கைய விட்டா, அக்குள் சுவத்துல மாட்டிக்கிட்டு நான் தொங்குறேன். கடைக்காரன் சிரிக்கிறான். கொடியில காயப்போட்ட துணி மாதிரி இருந்திருப்பேன்."

நானும் சிரித்தேன். உள்ளே சுருக்கென்றது. எனக்குத் தெரியாததா? மூன்றாவது வண்டியில் நான் சண்டை போட்டுத் தோற்றதே அந்த உயரத்துக்காகத்தான்.

பதிலுக்கு, பழைய வண்டியில் காற்றுப்பை கிடையாது, ஒரு மோதல் போதும் என்றேன். "நான் யாரையும் மோத மாட்டேன், என்னை எவனும் மோத மாட்டான்" என்றார்.

ஜனவரி 19

குட்டிக்குத் தூக்கம் வரவில்லை. எனக்குத் தாலாட்டு வராது. வண்டியின் வம்சக் கதையைச் சொன்னேன்.

முதலாவது வண்டி ஒல்லிப்பிச்சான். இரண்டு பேருக்கு ஒரே நீள இருக்கை, நடுவில் கியர் கம்பி, பின்னால் தகரத் தொட்டி. காற்றடித்தால் பறந்துவிடும் என்று கேலி செய்தார்களாம். ஆனால் எந்தச் சந்திலும் நுழையும், நின்ற இடத்தில் திரும்பும். காய்கறிக்காரர், கண்ணாடி வெட்டுகிறவர், தண்ணீர் கேன் போடுகிறவர் எல்லாரும் வாங்கினார்கள். இரண்டாவதுக்குக் கொஞ்சம் சதை போட்டது, புது மாப்பிள்ளை மாதிரி. ஸ்டியரிங் இலகுவானது, அடித்தட்டு துருப்பிடிப்பது நின்றது, தலை கூரையில் இடிக்கவில்லை. மூன்றாவதுக்கு ஆசை வந்துவிட்டது. பின்னால் இன்னொரு வரிசை இருக்கை, பெரிய சக்கரம், முறைக்கிற முகம், கோட்டைச் சுவர் மாதிரி தொட்டி. விளம்பரத்தில் மலை ஏறியது. வாங்கியவர்களில் எத்தனை பேர் மலை ஏறினார்கள்?

எந்த ஒருவரும் "பெரிதாக்குவோம்" என்று முடிவு செய்யவில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் ஒவ்வொருவரும் "இன்னும் கொஞ்சம்" என்றார்கள், அவ்வளவுதான். எங்கள் வீட்டுக் கல்யாணச் செலவு வளர்ந்த மாதிரியே.

நான்காவது மறுபடி சின்னதாக வரவேண்டும் என்று முடிவானபோது நான் முழுகாமல் இருந்தேன். தொட்டியின் முதல் கோட்டைப் போட்டது நான்தான். கணினிக்குப் பக்கத்தில் வாந்திக்கு ஒரு பிளாஸ்டிக் பை வைத்துக்கொண்டு போட்டேன். குட்டி, நீ வயிற்றில், அது திரையில். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வளர்ந்தீர்கள். நீ வந்துவிட்டாய். அதை நான் இன்னும் பார்க்கவே இல்லை.

கதை முடிவதற்குள் தூங்கிவிட்டாள். இரண்டாவது தலைமுறையிலேயே.

ஜனவரி 20

மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். எழுந்துவிட்டாள். எனக்கு நன்றாக வேண்டும்.

ஜனவரி 29

கதவு போன் செய்தாள். மரவண்டி நாள் பிப்ரவரி 12.

என் லீவு முடிவதற்கு முன்பே.

வண்டியின் வடிவத்தைப் பூட்டுவதற்கு முன்னால் பிளைவுட்டில் முழு அளவுக்கு ஒரு வண்டி செய்வோம். அன்று குழு மொத்தமும் அதில் ஏறும், இறங்கும், உட்காரும், சாயும், கையை விட்டுப் பார்க்கும். எது சரியில்லையோ அதை அந்த மரத்தின்மேலேயே மார்க்கரால் எழுத வேண்டும். எழுதிய ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லாமல் மரத்தைப் பிரிக்கக் கூடாது. அன்று எழுதாதவருக்கு அதன் பிறகு வாய் கிடையாது. பூட்டிய வடிவம் பல வருடத்துக்கு அப்படியே இருக்கும்.

"உனக்காக நான் எழுதறேன்டி, என்ன எழுதணும்னு சொல்லு" என்றாள். கை வைத்துப் பார்க்காமல் என்னவென்று சொல்வது?

பிப்ரவரி 3

கதவு ஒரு படம் அனுப்பியிருக்கிறாள். மரவண்டி முடிந்துவிட்டதாம்.

எத்தனை அழகு! மூக்கு குட்டை, கண் உருண்டை, தொட்டி மட்டும் நான் வரைந்தபடியே. முறைக்கவில்லை. குட்டிக்குக் காட்டினேன். போனை நக்கினாள்.

பக்கத்தில் எங்கள் தலைமைப் பொறியாளர், மில்லிமீட்டர் சார். ஒரு மில்லிமீட்டருக்காக மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டுச் சண்டை போடுகிறவர், அதனால் அந்தப் பெயர். தொட்டியின் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, டீக்கடையில் நிற்கிற மாதிரி சௌகரியமாகச் சாய்ந்து நிற்கிறார்.

பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏதோ இடித்தது. பிறகுதான் சக்கரத்தைப் பார்த்தேன்.

அட்டைச் சக்கரம். அடிப்பக்கம் தட்டையாக வெட்டியிருக்கிறது. கால் மடக்கி உட்கார்ந்த ஒட்டகம் மாதிரி வண்டி தரையோடு கிடக்கிறது.

பிப்ரவரி 4

கதவைப் போனில் கூப்பிட்டேன்.

"ஆமா, பட்டறை ஷட்டர் உயரம் பத்தல. சக்கரத்தோட உள்ள வரல, அதான் வெட்டிட்டாங்க. போன தடவையும் அப்படித்தானே?"

"போன தடவை அப்படிச் செஞ்சதாலதான் மூணாவது அப்படி வந்துச்சு!"

"எல்லாருக்கும் தெரியும்டி. நாலு விரக்கடை குறையுது, மனசுல கூட்டிக்குவோம்."

மனதில் கூட்டிக்கொள்வார்களாம். மூன்றாவதிலும் அதைத்தான் சொன்னோம். எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஒருவரும் கூட்டவில்லை. தலைக்குத் தெரியும், கைக்குத் தெரியாதே. கை எட்டியது, 'சௌகரியம்' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். அன்று நான் மட்டும் கத்தினேன். என்னிடம் காரணம் இல்லை, பிடிவாதம்தான் இருந்தது. இப்போது காரணம் தெரிகிறது. ஆனால் நான் இங்கே, தோளில் ஏப்பத் துணியோடு.

போக வேண்டும். நானே போய்க் கையை விட்டுப் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 9

பாட்டில்: இல்லை. ஸ்பூன்: துப்பினாள். சங்கு: என்மேல் ஊற்றினாள்.

பிப்ரவரி 11

நாளைக்குக் குட்டியோடு போகிறேன். வேறு வழியில்லை.

நாத்தனார் தன் வண்டியில் கொண்டுவிடுகிறேன் என்றார். குழந்தை இருக்கை மாட்ட அதில் இடமில்லை, வேண்டாம் அண்ணி என்றேன். "நாங்கல்லாம் மடியில வெச்சு வளரலையா? படிச்சவ எல்லாம் பயத்தையும் சேர்த்துப் படிச்சுட்டு வர்றீங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு அவரே டாக்சி பிடித்து, டிரைவரிடம், "மெதுவா போகணும். இந்தப் பொண்ணு திட்டுச்சுன்னா கண்டுக்காத" என்று போனில் சொல்லி ஏற்பாடும் செய்துவிட்டார்.

பட்டறையில் தூசு இருக்கும். சத்தம் இருக்கும். யாராவது தும்மினால்? மாற்றுத் துணி வைத்தேனா? வைத்தேன். இன்னொன்றும் வைக்கிறேன்.

பிப்ரவரி 12

வாசலில் பார்த்ததுமே விளக்கு கத்தினான்: "தொட்டி வந்தாச்சு! கூடவே குட்டித் தொட்டி!" அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பசையும் மரத்தூளும் கலந்த அந்த வாசனை. என்னுடைய நாற்காலியில் யாரோ கோட்டு மாட்டியிருந்தார்கள்.

குட்டியை நெஞ்சோடு துணியில் கட்டிக்கொண்டு மரவண்டியைச் சுற்றி வந்தேன். தொட்டிச் சுவரில் யாரோ ஏற்கெனவே எழுதியிருந்தார்கள்: 'ஏற்ற இறக்க வசதி. நல்ல உயரம்.' பொங்கிவிட்டது.

"சார், இது பொய். இது உக்காந்திருக்கிற வண்டி. நிக்க வெச்சுப் பாருங்க."

"அத கணக்குல எடுத்தாச்சும்மா."

"கணக்குல எடுத்தீங்க. கைல எடுக்கல."

யாரோ சிரித்தார்கள். என் வாய் நிற்கவில்லை. வெளியே சோதனைக்கு நிற்கிற மூன்றாவது தலைமுறை வண்டிகள் ஒவ்வொன்றிலும் ஒரு ஜாக்கி இருக்கும். நாலு ஜாக்கி கொண்டுவரச் சொன்னேன். மரவண்டிக்கு அடியில் இரும்புச் சட்டம்தானே, தாங்கும். நாலு மூலையில் நாலு பேர் குந்தி, "நீ ஏத்து, நீ நிறுத்து" என்று ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே சுற்றினார்கள். முனகிக்கொண்டே மரவண்டி எழுந்தது. நாலு விரற்கடை.

"இப்ப சாயுங்க சார்."

மில்லிமீட்டர் சார் பழக்கத்தில் முழங்கையை ஊன்றப் போனார். முழங்கை சுவரில் இடித்தது. தோளைத் தூக்கி ஊன்றிப் பார்த்தார். பிறகு உள்ளே கையை விட்டார். அடித்தட்டு விரலுக்கு எட்டவில்லை. அவர் என்னைவிட ஒரு தலை உயரம்.

குட்டி ஏப்பம் விட்டாள்.

அவரே மார்க்கரை எடுத்து 'நல்ல உயரம்' என்பதை அடித்துவிட்டு, கீழே 'குறைக்கவும்' என்று எழுதினார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். அடித்தட்டு இறங்க வேண்டும், அச்சு மாற வேண்டும், ஸ்பிரிங் மாற வேண்டும், தொட்டியை முதலிலிருந்து வரைய வேண்டும். "நாளைக்கே ஆரம்பிக்கணும்மா. நீங்க வந்தா உங்ககிட்டயே குடுக்கறேன். வருவீங்களா?"

இதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தேன், இத்தனை நாளாக?

குட்டி அந்த நேரம் பார்த்து மார்பில் முட்டினாள். பசி.

"ஒரு மாசம் கழிச்சு வர்றேன் சார்" என்றது என் வாய்.

"ஒரு மாசம் தாங்காதும்மா." கோபமில்லாமல்தான் சொன்னார். ஜாக்கியை இறக்கிக்கொண்டிருந்த விளக்கைக் கூப்பிட்டார்.

பிப்ரவரி 13

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உயரத்தைக் கேட்டுக் கை தட்டினார். கடைசியைக் கேட்டதும் கை நின்றது.

"நான் லீவு போட்டிருப்பேனே. குட்டியத் தூக்கிட்டு வந்து உன் ஆபீஸ் வாசல்லயே உக்காந்திருப்பேனே. ஒரு போன் பண்ணி என்னைக் கேட்டிருக்கலாமே?"

கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை? குழந்தை பாட்டில் குடிக்காது, அதனால் முடியாது. மூன்று மாதமாகச் சொல்லிச் சொல்லி அது வாய்ப்பாடு மாதிரி ஆகிவிட்டது. யார் என்ன கேட்டாலும் அதுதான் வருகிறது. நிஜமாகவே அவளுக்காகத்தான் சொன்னேனா? இல்லை, போனால் அவள் என்னைத் தேடாமல் இருந்துவிடுவாளோ என்று பயமா? ஐயோ, எனக்குத் தெரியல. தெரியவே இல்ல.

பிப்ரவரி 14

காலையில் சாரைக் கூப்பிட்டேன். நாளையே வருகிறேன் என்றேன். "விளக்கு ஆரம்பிச்சாச்சும்மா. பாதியில புடுங்கினா நல்லாருக்காது. நீங்க நிம்மதியா குழந்தையப் பாருங்க."

நிம்மதியாக.

பிப்ரவரி 26

பாட்டில் குடித்தாள். முழுசாக. நாத்தனார் கையில், டிவி பார்த்துக்கொண்டே. சந்தோஷத்தில் அழுதேன் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

மார்ச் 16

வேலைக்குத் திரும்பினேன். பிக்கப் குழுவில் இடமில்லை. கார் பிரிவு, பின் இருக்கை. மேஜை ஜன்னல் ஓரம்தான். புதுக் குழுவில் எல்லாரும் என்னை மரியாதையாக என் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

செப்டம்பர் 8

வீடு மாற்றும்போது இந்த நோட்டு கிடைத்தது. எழுதி ஒன்றரை வருடம் ஆகிறது. குட்டி ஓடுகிறாள், பேசுகிறாள், எதற்கெடுத்தாலும் "நானே" என்கிறாள். பின் இருக்கையும் நல்ல வேலைதான். குறை சொல்ல எதுவுமில்லை.

இன்று சாயங்காலம் நானும் குட்டியும் சாலையைக் கடக்க சிக்னலில் நின்றிருந்தோம், நடைபாதையை விட்டு இறங்கி. எங்களை ஒட்டி ஒரு வண்டி வந்து நின்றது. கறுப்பு வெள்ளைக் கிறுக்கல் ஒட்டி, முகம் தெரியாமல் மூடிய சோதனை வண்டி. பெயர் இல்லை, முத்திரை இல்லை. தெருவில் யாருக்கும் அது என்னவென்று தெரியாது. எனக்கு முகம் தேவைப்படவில்லை.

என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே தொட்டியின் சுவர். உள்ளே எடைக்காக மணல் மூட்டைகள். நாத்தனார் இதில் தொங்க மாட்டார் என்று நினைத்தேன். விளக்கு நன்றாகச் செய்திருக்கிறான். மூலை வளைவு மட்டும் என்னுடையது, அதை அவன் மாற்றவில்லை.

என்ன செய்கிறேன் என்று யோசிப்பதற்குள் கையை உள்ளே விட்டிருந்தேன். அக்குள் இடிக்கவில்லை. குதிகால் எழவில்லை. விரல் நேராகப் போய் அடித்தட்டைத் தொட்டது. வெயிலில் நின்ற சூடு இன்னும் இருந்தது.

"ஏம்மா! கைய எடுங்க! சோதனை வண்டி, தொடக் கூடாது!" டிரைவர் கண்ணாடியை இறக்கிக் கத்தினார்.

"ஸாரிங்க" என்றேன்.

"யாரு வண்டிம்மா?" என்றாள் குட்டி.

சிக்னல் விழுந்தது. வண்டி போய்விட்டது. விரல் நுனியில் மணல் ஒட்டியிருந்தது. துடைக்காமல் அந்தக் கையாலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்தேன். எதிர்ப்பக்கம் போகிறவரை கேட்டுக்கொண்டே வந்தாள்.