குழாய் மேல் ஒரு கொடிக்கம்பம்

ஐப்பசி 4, செவ்வாய்

தூறல். மில்லுக்கு லீவு. பவித்ராவுக்கு மஞ்சள் காமாலைதான், டாக்டர் சொல்லிவிட்டார். தண்ணீர் கோளாறாம். தெருக்குழாயில் சாக்கடை கலப்பது மூக்கிருக்கிற எல்லோருக்கும் தெரியும். பிள்ளையை ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கச்சி வீட்டில் விட்டு வந்தேன். பஸ் முழுக்க மடியிலேயே கிடந்தாள். பயமாக இருக்கிறது.

வாங்க: கீழாநெல்லி, சீரகம், சோப்பு.

5, புதன்

நல்ல வெயில். எங்கள் தண்ணீருக்காக ஒரு கட்சியின் போராட்டம். விஷயம் அரசியலானால் சீக்கிரம் தீரும் என்று நானும் காலிக்குடத்தோடு நின்றேன். என் குடம் பழசாம். போட்டோவுக்குக் கட்சி நிறத்தில் புதுக்குடம் தந்தார்கள். எடுத்து முடிந்ததும் பிடுங்கிக்கொண்டார்கள். தூ.

போராட்ட நினைவாகத் தெருமுனையில் கொடிக்கம்பம். குழி தோண்டும்போது கடப்பாரை குடிதண்ணீர்க் குழாயிலேயே இறங்கிவிட்டது. பீய்ச்சி அடித்தது. தெருவுக்கு வரும் வால்வை அடைத்துவிட்டு, உடைந்த குழாய் மேலேயே சிமெண்ட், கொடி, கைதட்டல்.

7, வெள்ளி

சொட்டுத் தண்ணீர் இல்லை. நகராட்சிக் குழாய் பிட்டர் வந்து பார்த்தார். "ஒடைஞ்சது கம்பத்துக்கு நேர் அடியிலக்கா. சாக்கடை கலக்குறதும் அங்கனதான். கம்பத்தை எடுத்தா ரெண்டையும் அடைச்சிருவேன். ஆனா கம்பத்துல நான் கை வச்சா என் வேலை போயிரும்."

போராட்டம் நடத்திய வட்டச் செயலாளரிடம் போனோம். "கொடியை எறக்குனா கட்சிக்கு மானக்கேடு தாயி."

கவுன்சிலர் அவர்களுக்கு எதிர்க்கட்சி. அவருக்கு ஒரே குஷி. "அவிய ஒடைச்சதுதான? தேர்தல் வரைக்கும் அப்படியே நிக்கட்டும்மா, சனம் பாக்கட்டும்." சிரித்துக்கொண்டே சொன்னார். மனுஷனா இவர்?

சனி

வானம் மூடாப்பு. லாரித் தண்ணீர், சண்டை. பவித்ரா போனில்: "எப்பம்மா கூட்டிட்டுப் போவ? பள்ளிக்கூடம் போணும்." இந்தத் தண்ணீருக்கு எப்படிக் கூட்டி வருவது?

9, ஞாயிறு

விடிந்ததும் பக்கத்து வீட்டு மாரியக்கா, நான், தெருப் பெண்கள். கம்பத்தைச் சாய்த்தோம். சிமெண்டையும் உடைத்தோம். பிட்டர் ஓடி வந்து குழிக்குள் இறங்கினார்.

போலீஸ். செயலாளரும் கவுன்சிலரும் ஒரே பக்கமாக நின்றார்கள். இதற்கு மட்டும் கூட்டணி!

எஸ்.ஐ. கேட்டார்: "தண்ணி விஷயத்தை ஏம்மா அரசியல் ஆக்குறீங்க?"

மாரியக்காவுக்கு வந்த கோபம்! "கம்பம் நட்டவுகளை ஒண்ணும் கேக்கல. நாங்க பிடுங்குனா மட்டும் அரசியலா?"

"எந்தக் கட்சி தூண்டிவிட்டுச்சு? பேரைச் சொல்லுங்க."

"தெருன்னு எழுதுங்க சார்" என்றேன்.

எழுதவில்லை. ஸ்டேஷனுக்கு நட என்றார்.

"குழாயை அடைச்ச பொறவு வாரேன்" என்று குழிமேட்டில் உட்கார்ந்துவிட்டேன்.