நன்றி சொல்லக் கூடாத இலை

மார்ச் 3, திங்கள்
இரண்டு மணிக்கட்டிலும் படர்தாமரை. தலை பின்ன வந்த மூன்று பேருக்கும் என் கையைப் பார்த்ததும் வேறு வேலை வந்துவிட்டது. ஏப்ரல் 12 அரினோலாவின் கல்யாணம். மணப்பெண் தலை என் பொறுப்பு. அதுவும் கைவிட்டுப் போனால் இபாதான் நகரில் என் பின்னல் கடைக்குப் பூட்டுதான்.

மார்ச் 4
ஓஜே சந்தையில் இலை விற்கும் அபேனியிடம் போனேன். என்னைவிட இளையவள், வாய் மட்டும் இருபது வயது மூத்தது. வண்டுகொல்லி இலையைக் கறுப்புச் சோப்போடு இடித்துக் கொடுத்தாள். நன்றி என்றேன். கொடுத்த மருந்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"குணமாகறதுக்கு முன்னாடி நன்றி சொன்னா இலை வேலையை விட்டுட்டுப் போயிடும்க்கா. நாளைக்கு வாங்க, வாயை மூடிக்கிட்டு."

மார்ச் 5
வாயைத் திறக்காமல் வாங்கி வந்தேன்.

மார்ச் 13
முழங்கை வரை ஏறிவிட்டது! அன்று நன்றி சொன்னதாலா? சே, பைத்தியக்காரத்தனம்.

அபேனி என் கையை மோந்து பார்த்தாள். வெளுக்கிற கிரீம் பூசுகிறேனா என்று கேட்டாள். இல்லை என்றேன். என் விரல்களை மடக்கினாள். கையெல்லாம் வெளுத்த சிவப்பு, கிரீம் ஏறாத விரல் கணுக்கள் மட்டும் கறுப்பு.

"கை பொய் சொல்லாதுக்கா. அந்தக் கிரீம் படர்தாமரைக்குச் சோறு போடுது, என் இலை பட்டினி போடுது. யாரு ஜெயிப்பா?"

நான்கு வருடமாக என் புருஷனுக்கே தெரியாத ரகசியம். வெட்கமாக இருந்தது. அதைவிட, அவள்மேல் வியப்பாக இருந்தது.

மார்ச் 14
கிரீம் டப்பாவைக் குப்பையில் போட்டேன். எடுத்தேன். மறுபடி போட்டேன்.

மார்ச் 28
வளையங்கள் காய்ந்துவிட்டன, அரிப்பும் இல்லை. நிறுத்தலாமா என்றதற்கு ஒரு முறை முறைத்தாள் — இன்னும் பத்து நாள் தேய்க்க வேண்டுமாம். என் கண்ணெதிரிலேயே, கால் புண்ணோடு வந்தவரிடம் இது தன் இலைக்கு அடங்காது என்று சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். தனக்கு எது தெரியாது என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை பேருக்கு அது வாய்க்கும்?

ஏப்ரல் 11
வளையங்களின் சுவடே இல்லை, கையும் பழைய கறுப்புக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. அரினோலா என் மணிக்கட்டைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு என் முழங்கால்களுக்கு நடுவே உட்கார்ந்து தலையைச் சாய்த்தாள். ஐந்து மணி நேரம் பின்னினேன்.

முடித்த கையோடு சந்தைக்கு ஓடினேன். அபேனி இலைகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். கையைக் காட்டி நன்றி என்றேன்.

செம்பைக் கீழே வைத்தாள். "சரியாக் கேக்கலைக்கா. இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னேன்.