என் நாக்குக்கு வயசாகவில்லை

ஜூன் 4

வீட்டுக்காரருக்கு,

அக்கா வீட்டிலிருந்து எழுதுகிறேன். நலமா என்று கேட்கமாட்டேன்.

என் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை வாங்கப் போனவர் நீங்கள். சர்க்கரை எல்லையைத் தொட்டுவிட்டது என்று டாக்டரம்மா சொன்னதை என்னிடம் மறைத்தீர்கள். காலைக் காபி போடுவது நீங்கள் என்பதால், அதில் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தீர்கள். "உங்க வீட்டுக்காரர் நல்லா சமாளிக்கிறாரே" என்று அந்த அம்மா போன வாரம் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

பேக்கரியில் கிரீமை ருசி பார்த்து இனிப்பின் அளவைச் சொல்வது என் வேலை. நாக்கு மாறியது தெரியாமல், எல்லாம் திகட்டுகிறதென்று அங்கேயும் குறைத்தேன். கேக்குகள் திரும்பி வந்தன. முதலாளி என்னைப் பெட்டி மடிக்க உட்கார வைத்துவிட்டார். "என் நாக்கு செத்துப்போச்சுங்க" என்று அழுதபோது காபியை ஆற்றிக்கொண்டே "வயசாகுதில்ல" என்றீர்களே! குழந்தையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டினீர்கள்.

இப்போதைக்கு வரமாட்டேன்.

உங்கள் மனைவி

ஜூன் 9

என் கோபக்காரிக்கு,

நல்லதுக்குக் காலமில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருப்பாயா? டம்ளர் பறந்திருக்கும். உன் சர்க்கரை இறங்கியிருக்கிறது, அதைப் பார். "வயசாகுதில்ல" என்றது மட்டும் தப்புதான். திருட்டுத்தனம் செய்கிறவனுக்கு வேறென்ன வாயில் வரும்?

பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு வந்தால் வீடு வெறிச்சென்று இருக்கிறது. திட்டுவதை நேரில் வந்து திட்டு.

உன் டிரைவர்

ஜூன் 15

வீட்டுக்காரருக்கு,

முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். "ஒரு மாசம் நல்லா இனிப்பு சாப்பிடுங்கம்மா, நாக்கு பழையபடி வந்துடும், மறுபடி கிரீம் மேசைக்கு வந்துடுங்க" என்றார். முடியாது என்றேன். காபியில் இப்போது சர்க்கரையே இல்லை. பிஸ்கட், பாட்டில் ஜூஸ் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். தலைவலி பின்னியெடுத்தது, ஆனாலும் நான் விடவில்லை. வெறும் பாலில் ஒரு இனிப்பு இருக்கிறது, இத்தனை வருடம் எனக்குத் தெரியாது. இது நீங்கள் குறைத்ததல்ல, நான் குறைத்தது.

"இனிப்புக் குறைச்சு ஒரு கேக் போடறேன், வித்தா மேசையைக் கொடுங்க" என்று கேட்டேன். சிரித்தார். சிரிக்கட்டும், தினமும் கேட்பேன். அதுவரை பெட்டி மடிப்பேன்.

உங்கள் மனைவி

ஜூன் 20

அன்புள்ள உனக்கு,

உனக்காகப் பேசலாமென்று நேற்று பேக்கரி வாசல்வரை போனேன். உன்னைக் கேட்கவில்லையே என்று தோன்றியது. அப்படியே திரும்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வரட்டுமா? வேண்டாமென்றால் வரமாட்டேன்.

உன் டிரைவர்

ஜூன் 24

என் டிரைவருக்கு,

உங்கள் கடிதத்தை அக்காவிடம் படித்துக் காட்டினேன். "அட, உன் ஆளுக்குக் கேக்கக்கூடத் தெரியுமா!" என்றாள். சிரித்தோம். பிறகு நான் அழுதேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என்னைக் கேட்டுச் செய்ய நினைத்த முதல் காரியம் இது. கேட்டதால் சொல்கிறேன்: வேண்டாம், வராதீர்கள்.

என் நச்சரிப்பு தாங்காமல் முதலாளி ஒத்துக்கொண்டார். ஞாயிறு காலை என் கேக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும். விற்றாலும் விற்காவிட்டாலும் சாயங்காலம் நானே பஸ் ஏறி வருவேன். கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்க வேண்டாம். என்னிடம் சாவி இருக்கிறது.

உங்கள் மனைவி