கல்சங்குக்குள் போன இளவரசி

கீழப்பழுவூர்
12.6.1978

அன்பு மகளுக்கு,

என் மாயாஜாலத் தொடர்கதையைப் படமாக்குகிறார்கள். அதைப் பற்றிப் பேச இயக்குநர் அரியலூர் வந்திருந்தார். "ஒன்பதாம் வாரம் கல்சங்குக்குள்ள அடைச்ச இளவரசிய அப்பறம் காணவே காணோமே, சார்?" என்றார். மறந்துவிட்டேன் என்று பொய் சொன்னேன். நீ அவனோடு திருச்சி பஸ் ஏறிய வாரம் அது.

நேற்று படத்துக்காக எழுதிய காட்சியில் அவளை வெளியே வரவழைத்துவிட்டேன். கோட்டை வாசலில் நிற்கிறவளிடம் ராஜா, "சாப்டியாம்மா?" என்கிறார்.

"ராஜா இப்படியா பேசுவாரு?" என்று இயக்குநர் சிரித்தார்.

"இந்த ராஜா இப்படித்தான் பேசுவாரு" என்றேன். மூன்று வருஷத்துக்குப் பிறகு நேற்றுதான் நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை வா. மாப்பிள்ளைக்கும் சேர்த்து உலை வைக்க அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா